காசிப் பணத்தில் ஒரு கேமரா

ஓய்வு பெற்ற நண்பர்கள் சிலர் அவ்வப்போது போன் செய்து, "ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கலாம்னு இருக்கேன் சார், எது வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். எவ்வளவு பணம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பேன் என எதிர்பார்த்து, அந்தப் பதிலோடு தயாராக இருப்பார்கள். நான் கேட்பது வேறு. "யாரை எடுக்கப் போறீங்க?" என்பேன். கொஞ்ச நேரம் பதில் வராது.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் குறைந்த பணத்தில் சரியான கேமரா அமையும். எனக்குப் பதில் முதலிலேயே தெரிந்திருந்தது. அதனால் 25,000 ரூபாய்க்குள் காரியம் முடிந்தது. எப்படி முடிந்தது என்பதைக் கணக்கோடு எழுதுகிறேன். யாருக்காவது உபயோகப்படலாம்.

நான் கூட்டுறவு வங்கியில் 33 வருடம் வேலை பார்த்தவன். நகைக்கடன், பயிர்க்கடன் விண்ணப்பங்களில் ஒட்டிய பாஸ்போர்ட் சைஸ் படங்கள் ஆயிரக்கணக்கில் என் கை வழியாகப் போயிருக்கின்றன. எல்லாப் படத்திலும் ஏறக்குறைய ஒரே முகம்தான். கண்ணை விரித்து, உதட்டை இறுக்கி, போலீஸ்காரரைப் பார்த்த மாதிரி இருப்பார்கள். பலருக்கு வாழ்நாளில் எடுத்துக்கொண்ட தனிப்படமே அது ஒன்றுதான். அவர் காலமானதும் அதைத்தான் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, பின்னால் நீலக் கலர் கொடுத்து, சட்டம் போட்டு மாலை போடுவார்கள்.

எங்கள் அப்பா படத்தின் கதையும் இதுதான். சங்கத்து ஆண்டு விழாவில் எடுத்த குரூப் போட்டோவில் இரண்டாம் வரிசையில் நின்றவரைத் தனியே வெட்டியெடுத்துப் பெரிதாக்கியது. அப்பாவின் இடது தோளில் பக்கத்தில் நின்றவரின் நான்கு விரல்கள் இன்றும் தெரியும். அது யார் விரல் என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.

2018-ல் என் பெரியக்காவுக்கு 79 வயது. அம்மா போனபோது எனக்கு ஆறு வயது. என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வளர்த்தது அக்காதான். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. அந்த வீட்டில் அக்காவின் படம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. கல்யாணப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஆதார் அட்டையில் இருப்பது யாரோ மாதிரி இருக்கும். அந்த வருடம் அக்கா இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். ஸ்டுடியோக்காரரை வீட்டுக்கு வரவழைக்கலாமா என்று யோசித்தேன். அன்னிய மனுஷரைக் கண்டால் அக்கா விறைத்துப் போவாள், மறுபடியும் அதே ஆதார் முகம்தான் வரும். நான்தான் எடுக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். அக்காவை மட்டுமல்ல, சொந்தத்திலும் தெருவிலும் எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள் எல்லோரையும் எடுத்துவிடுவது என்று ஒரு நோட்டில் பெயர் எழுத ஆரம்பித்தேன். 43 பெயர் சேர்ந்தது.

பணத்துக்கு எங்கே போவது? எனக்கு அரசாங்கப் பென்ஷன் கிடையாது. பி.எஃப். பென்ஷன் இரண்டாயிரத்துச் சொச்சம்; மீதிக் குடும்பம் வைப்புத்தொகை வட்டியில் ஓடுகிறது. அந்தச் சமயம் போஸ்ட் ஆபீஸில் மாதம் 400 ரூபாய் வீதம் ஐந்து வருடம் கட்டிய ஆர்.டி. முதிர்ந்து 29,000-சொச்சம் வந்தது. அது நாங்கள் இருவரும் காசிக்குப் போவதற்காகச் சேர்த்தது. நான் தயங்கித் தயங்கி மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். "காசி எங்கேயும் போயிடாதுங்க. உங்க அக்கா?" என்றாள். அதற்கு மேல் பேச்சில்லை. 25,000 கேமராவுக்கு, மீதி அவள் கையில் என்று முடிவாயிற்று.

மகன், "அப்பா, நல்ல போனா வாங்கிக்குங்க, போதும்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் உண்டு. வெயிலில், வாசலில் எடுப்பதற்கு இன்றைய போன் தாராளமாகப் போதும். ஆனால் நான் எடுக்க வேண்டியது பிற்பகலில் கூடத்து அரை வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவிகளை. போனுக்குள் இருக்கும் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் அது ஏறக்குறைய 22-க்கு 15 மில்லிமீட்டர். அகலமான பாத்திரத்தில் மழைத்தண்ணீர் அதிகம் விழுவது மாதிரி, பெரிய சென்சாரில் வெளிச்சம் அதிகம் விழும். சின்ன சென்சாரில் அரை இருட்டில் எடுத்தால் முகத்துச் சுருக்கமெல்லாம் மெழுகு பூசியதுபோல வழித்துவிடும். அக்காவின் முகத்தில் எனக்கு வேண்டியதே அந்தச் சுருக்கங்கள்தான்.

இன்னொரு காரணம் என் கண். வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் போன் திரை தெரியாது. வெயிலில் கண்ணாடி போட்டும் தெரியாது. டி.எஸ்.எல்.ஆரில் கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. டயாப்டர் என்பார்கள். அதைத் திருப்பினால் ஓரளவு பவர் வரைக்கும் கண்ணாடி இல்லாமலேயே உள்ளே பளிச்சென்று தெரியும். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு மட்டும் கண்ணாடி வேண்டும். கேமராவை முகத்தோடு ஒட்டி, முழங்கைகளை விலாவில் அணைத்துப் பிடிப்பதால் அறுபது வயதுக் கை நடுக்கமும் பாதி குறைகிறது.

அடுத்து எந்தக் கேமரா என்ற கேள்வி. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். கேமராவுக்கு லென்ஸே பிரதானம். கடைக்காரர்கள் உடம்பைக் காட்டித்தான் விற்பார்கள்: இத்தனை மெகாபிக்சல், வைஃபை, வீடியோ என்று. உடம்போடு சும்மா வரும் 18-55 லென்ஸைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அந்த லென்ஸை 55-க்குத் திருப்பினால் அதன் வாய் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. 50 எம்.எம். எஃப் 1.8 என்ற குட்டி லென்ஸ் ஒன்று இருக்கிறது. அது ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

பத்து மடங்கு என்றால் என்ன என்பதைத் திருச்சியில் ஒரு கடையில் கண்ணால் பார்த்தேன். பின்னறையில் ஒரு டியூப்லைட் மட்டும் எரிய, அதே கேமராவில் முதல் லென்ஸை மாட்டியபோது ஷட்டர் வேகம் ஒரு விநாடியில் 13-ல் ஒரு பங்கு. கடைப்பையன் தலையை லேசாக ஆட்டினாலும் கலங்கியது. குட்டி லென்ஸை மாட்டியதும் 125-ல் ஒரு பங்கு. அவன் பேசிக்கொண்டே இருந்தான். இமை மயிர்கூடத் தெளிவாக விழுந்தது. ஃபிளாஷ் தேவைப்படவில்லை. கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் முகத்தில் ஃபிளாஷ் அடிப்பதில் எனக்கு இஷ்டமில்லை.

ஆகவே 25,000-ல் முதலில் லென்ஸுக்குப் பணத்தை எடுத்து வைத்தேன். மீதியில் கிடைக்கும் உடம்பு போதும் என்று ஆயிற்று. புதிது கட்டுப்படியாகாது, பழையதுதான்.

கடையில் இரண்டு பழைய கேமராக்கள் இருந்தன. ஒன்று நிக்கான் டி3300, 24 மெகாபிக்சல். இன்னொன்று கேனன் 1200டி, 18 மெகாபிக்சல். இரண்டும் 2014-ல் வந்தவை. எண்ணைப் பார்த்தால் நிக்கான்தான் மேல். ஆனால் நிக்கானின் ஆரம்ப நிலைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் செய்யும் மோட்டார் கிடையாது. அதன் மலிவான பழைய 50 எம்.எம். லென்ஸை மாட்டினால் கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். மோட்டார் உள்ள லென்ஸ் வாங்கினால் ஐந்தாயிரம் போல அதிகம். கேனனில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும். 2015-ல் வந்த எஸ்.டி.எம். என்ற 50 எம்.எம். லென்ஸ் புதிதாகவே கைக்கெட்டும் விலையில் இருந்தது.

மெகாபிக்சல் குறைவே என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 மெகாபிக்சல் படத்தின் நீளம் 5,184 புள்ளி. 18 அங்குல நீளத்துக்குப் பிரிண்ட் போட்டாலும் அங்குலத்துக்கு 288 புள்ளி வருகிறது. சுவரில் மாட்ட அதற்கு மேல் எதற்கு? 1200டி-க்கு அடுத்த 1300டி-யில் வைஃபை உண்டு, மெகாபிக்சல் அதே 18. கம்பியில் மாட்டிப் படத்தை இறக்கிக்கொள்ள எனக்கு அலுப்பில்லை.

பழைய கேமரா வாங்குகிறவர்கள் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். கையில் ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். எஃப் 16-ல் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். கறுப்புப் பொட்டுகள் விழுந்தால் சென்சாரில் தூசி. தினசரித்தாளைச் சுவரில் ஒட்டி நேராக நின்று எடுங்கள். நான்கு மூலையிலும் எழுத்து ஒரே மாதிரி படிக்க வரவேண்டும். பில்லில் உள்ள சீரியல் நம்பரும் கேமராவின் அடியில் உள்ளதும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். இத்தனை முறை ஷட்டர் அடித்திருக்கிறது என்ற எண்ணிக்கை நிக்கானில் எடுத்த படத்தின் விவரத்திலேயே இருக்கும். கேனனின் இந்த வகைக் கேமராக்களில் அது சுலபத்தில் தெரியாது. கைப்பிடி ரப்பர் தேய்மானத்தையும் பட்டன்களையும் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். வங்கியில் நகையை உரசிப் பார்ப்பதைவிட இது ஒன்றும் கஷ்டமில்லை.

என் கணக்கு இது. 18-55 லென்ஸோடு பழைய 1200டி 13,500. புது 50 எம்.எம். லென்ஸ் 7,600. 32 ஜி.பி. கார்டு 750. பை 900. காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் 350. மொத்தம் 23,100. மீதி 1,900-ஐப் பிரிண்ட் போடுவதற்கென்று தனிக் கவரில் வைத்தேன். டப்பாச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் லென்ஸைத் துணிப்பையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறினால் மாற்ற வேண்டும். அரிசி டப்பாவில் வைக்கச் சொல்லுகிறவர்கள் உண்டு. தவிட்டுத் தூசி உள்ளே போகும், வேண்டாம்.

எங்கள் வயதுக்காரர்களுக்கு அக்ஃபா க்ளிக் த்ரீ ஞாபகம் இருக்கும். ஊட்டியில் தயாரான இந்து ஃபிலிம் சுருளைப் போட்டால் மொத்தம் 12 படம். மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்குவோம். இப்போது அந்தக் கவலை இல்லை. நிறைய எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். முகம் இளகுவதற்கு நேரமாகும்.

அக்காவை எடுத்தது ஒரு ஐப்பசி மாதப் பிற்பகல். மழை விட்டிருந்தது. முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஏழெட்டு அடி தள்ளி எதிர்த் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். எஃப் 1.8-ல் முழுக்கத் திறந்து, மூன்றடிக்குள் போய் எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் ஓர் அங்குலம்தான். ஒரு கண் தெளிவாகவும் மறு கண் கலங்கலாகவும் போகும். அதனால் தள்ளி உட்கார்ந்து, எஃப் 2.8-ல் வைத்து, நடு ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் நிறுத்தி எடுத்தேன். பழைய கதை பேசிக்கொண்டே ஐம்பது அறுபது படம் எடுத்திருப்பேன். "ஏண்டா, எப்பத்தான் எடுக்கப் போறே?" என்றாள். "எடுத்து முடிச்சாச்சுக்கா" என்றேன். வாயில் பல் கிடையாது. புறங்கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தக் கை பாதி இறங்கியபோது எடுத்ததுதான் படம்.

அன்று சாயந்திரம் பேரன் பேத்திகளோடு எட்டுப் பேரை நிற்கவைத்து எடுக்கக் குட்டி லென்ஸ் உதவவில்லை. அத்தனை பேரும் படத்துக்குள் வர இருபதடி பின்னால் போக வேண்டும், பின்னால் சுவர். அதற்கு 18-55 லென்ஸ்தான். வாசலுக்கு வரச்சொல்லி எடுத்தேன். ஆகவே சும்மா வருகிற லென்ஸையும் விற்றுவிடாதீர்கள்.

படத்தைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பது எடுக்காததற்குச் சமம் என்பது என் அபிப்பிராயம். 12-க்கு 18-ல் பிரிண்ட் போட்டுச் சட்டம் போட்டு அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தாள். "நான் இப்படியா இருக்கேன்? நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். மருமகள் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் மாட்ட ஆணி தேடினாள். "அங்கே வேண்டாம்டி. அதுக்கு நாள் இருக்கு. இப்போ டி.வி. பக்கத்துல மாட்டு" என்றாள் அக்கா.

இரண்டு வருடத்துக்கு மேல் டி.வி. பக்கத்தில்தான் இருந்தது. 2021 தை மாதம் அக்கா போனாள். யாரும் படத்தைத் தேடவில்லை. மருமகள் ஆணியை மட்டும் இடம் மாற்றி அடித்தாள்.

காசிக்கு 2023-ல் போய் வந்தோம். கேனனும் நிக்கானும் இப்போது மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் போய்விட்டன. அதனால் பழைய டி.எஸ்.எல்.ஆர். இன்னும் மலிவாகக் கிடைக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு நல்ல காலம். என் 1200டி-க்கு ஒரு பாட்டரி மாற்றியதோடு சரி.

நோட்டில் இருந்த 43 பேரில் 36 பேரை எடுத்துப் பிரிண்டும் கொடுத்தாயிற்று. ஆறு பேர் நான் போய்ச் சேருவதற்குள் போய்விட்டார்கள். பாக்கி ஒருவர்தான், திருத்துறைப்பூண்டியில் இருக்கும் என் மனைவியின் மாமா. வயது 88. போன வாரமே கிளம்பியிருப்பேன். மீசைக்குச் சாயம் பூசிக்கொள்ள வேண்டுமாம், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.