எலுமிச்சைச் சாறு பட்டதும் நுரைக்கும் மண்!

ஸ்பிதி என்று தேடினால் உங்கள் போனில் என்ன வரும்? நீல வானம், மண் நிற மலை, உச்சியில் ஒரு புத்த மடாலயம், ஓரத்தில் ஒரு பைக். மண் நிறம் என்று எல்லோரும் சொல்கிறோமே தவிர, அந்த மண்ணைப் பற்றி யாரும் ரீல்ஸ் போட்டு நான் பார்த்ததில்லை. போன ஆகஸ்ட் மாதம் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து, ஹிமாச்சலப் பிரதேசத்தில் இருக்கும் அந்தக் குளிர்ப் பாலைவனத்துக்குப் போய்வந்தோம். மற்ற மூவர் போனிலும் மலை, மடம், செல்ஃபி. என் போனில் பாதிக்குப் பாதி தரைதான்!

அதற்குக் காரணம் எங்கள் டிரைவர். காஸாவிலிருந்து கிப்பர் கிராமத்துக்கு ஏறிக்கொண்டிருந்தோம். 4,200 மீட்டருக்கு மேலே, சுண்ணாம்புப் பாறை மீது உட்கார்ந்திருக்கும் ஊர் அது. வழியில் ஒரு திறந்த சரிவு. காரை ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே இறக்கினால் சூப்பராக வீடியோ எடுக்கலாம் என்று ஒரு நண்பனுக்கு ஆசை. டிரைவர் மறுத்துவிட்டார். அவர் கை காட்டிய இடத்தில் இரண்டு கோடுகள் நீளமாக ஓடின. "போன வருஷம் யாரோ வண்டி ஓட்டின தடம். இன்னும் ஆறலை" என்றார்.

"புல்லே இல்லையே பய்யா, இதுல கெட்டுப்போக என்ன இருக்கு?"

"இருக்கு. குனிஞ்சு பாருங்க."

குனிந்தால்தான் தெரிகிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விரல் உயரப் புல் கற்றைகள். தரையோடு தரையாக, மெத்தைபோல் உருண்டு கிடக்கும் முள் செடிகள். நாலடி தள்ளி நின்று பார்த்தால் வெறும் சரளை. குனிந்து பார்த்தால் மேய்ச்சல் நிலம்.

கொஞ்ச தூரத்தில், ரோடு போட மலையை வெட்டிய இடத்தில் அந்த மண்ணின் குறுக்குவெட்டு அப்படியே தெரிந்தது. மேலே ஒரு ஜாண் அளவுக்குப் பழுப்பு மண், அதிலும் பாதி கல். அதற்குக் கீழே இன்னொரு ஜாண் வெளிறிய மண். அப்புறம் பாறை. அவ்வளவுதான். அரை மீட்டருக்குள் பாறை தட்டினால் அதை ஆழமற்ற மண் என்கிறது மண்ணியல். இங்கே முழங்கைவரைகூட உள்ளே போகாது.

ஒரு கல்லைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கம் சாதாரணமாக இருந்தது. அடிப்பக்கம் மட்டும் வெள்ளையடித்த மாதிரி ஒரு படலம். அன்று சாயங்காலம் ஹோம்ஸ்டேயில் மலை ஏறிய தலைவலிக்கு எலுமிச்சை ஜூஸ் கேட்டிருந்தேன். மிச்சமிருந்த பாதி மூடியை அந்தக் கல்லின் மேல் பிழிந்தேன். சின்னச் சின்னக் குமிழ்கள் பொரிந்தன. பையில் இருந்த ஒரு பிடி மண்ணில் விட்டேன். அதுவும் நுரைத்தது. மண் பரிசோதனை செய்பவர்கள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் வைத்துச் செய்யும் அதே சோதனைதான். அமிலம் பட்டதும் சுண்ணாம்பிலிருந்து கரியமில வாயு வெளியே வருகிறது.

இத்தனை உயரத்தில் சுண்ணாம்பு எப்படி வந்தது? ஸ்பிதி ஒரு காலத்தில் கடலடி. டெத்திஸ் என்ற அந்தக் கடலின் படிவுகள்தான் இமயமலை எழும்பியபோது மேலே வந்தன. பக்கத்து லாங்ஸா கிராமத்தில் இன்றைக்கும் கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. நிறைய மழை பெய்யும் ஊராக இருந்தால் சுண்ணாம்பு கரைந்து கீழே போயிருக்கும். ஸ்பிதியோ மழை மறைவுப் பிரதேசம். வருவதில் பெரும்பகுதி குளிர்காலப் பனி. அது உருகிக் கொஞ்சம் உள்ளே இறங்கும், வெயிலிலும் காற்றிலும் காய்ந்துவிடும். தண்ணீர் போய்விடும், சுண்ணாம்பு மட்டும் கல்லின் அடியில் படியும். நான் பார்த்த வெள்ளைப் படலம் அதுதான்.

ஆழம் சேராததற்கும் குளிரும் வறட்சியும்தான் காரணம். உறைபனி பாறையை உடைக்கும், ஆனால் உடைந்த கல்லை மண்ணாக்க ஈரமும் வெப்பமும் வேண்டுமே! செடி வளர்வதே வருஷத்தில் நாலைந்து மாதம்தான். உருவாகும் கொஞ்ச மண்ணையும் சரிவும் காற்றும் விட்டுவைப்பதில்லை.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் தாத்தாவுக்குக் கொஞ்சம் சுக்கான் நிலம் இருந்தது. தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கல் வரும். "ஆடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பார், வெறுப்பாக. கிப்பரில் அதே வாக்கியத்தைக் கொஞ்சமும் வெறுப்பில்லாமல் சொல்லலாம். அங்கே ஆடு மேய்ப்பதுதான் ஊர் பிழைத்திருக்கும் வழி.

எப்படி என்று ஹோம்ஸ்டே ஆண்ட்டி சொன்னார். வயலில் பார்லி, பச்சைப் பட்டாணி. பட்டாணியில்தான் கையில் காசு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் மணிச்சத்து இருந்தாலும் கால்சியம் அதைப் பிடித்துப் பூட்டிவைத்துவிடும். இரும்புச் சத்தும் வேருக்குச் சுலபமாகக் கிடைக்காது. மூட்டை உரம் போட்டாலும் அதில் ஒரு பகுதி இதேபோல் பூட்டிக்கொள்ளும், யூரியாவில் கொஞ்சம் ஆவியாகவும் போய்விடும். அதனால் ஊர்க்காரர்கள் நம்புவது எருவை. ஆடுகள் பகலெல்லாம் மலையில் மேய்ந்துவிட்டு ராத்திரி தொழுவத்துக்கு வரும். அந்தச் சாணமும், வீட்டு உலர் கழிப்பறையில் மக்கிய உரமும் வசந்தத்தில் வயலுக்குப் போகும். யோசித்துப் பாருங்கள்... மலைமேல் ஒரு ஜாண் மண்ணில் இருக்கும் சத்து, ஆட்டு வயிறு வழியாகக் கீழே பட்டாணி வயலுக்கு வந்து சேர்கிறது. மலைக்குத் திரும்பிப் போவது கொஞ்சம்தான்.

எனவே எத்தனை வாய் மேய்கிறது என்பது அங்கே பெரிய கேள்வி. கால்நடை அதிகமானால் அதே புல்லை நம்பியிருக்கும் பாரல் என்ற காட்டு ஆடு குறையும். பாரல் குறைந்தால் பனிச்சிறுத்தைக்கு இரை குறையும். சாருதத் மிஸ்ரா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பேசியதன்பேரில், 1998-ல் கிப்பர் மக்கள் சுமார் 500 ஹெக்டேர் மேய்ச்சல் நிலத்தைத் தங்கள் கால்நடைகளுக்கு மூடிவைத்தார்கள். அதற்கு ஈடாகப் பணம் பெற்றார்கள். பாரல்களின் எண்ணிக்கை கூடியது.

அப்படியானால் யாருமே மேயாமல் விட்டுவிட்டால் மண் பிழைத்துக்கொள்ளுமா? நானும் அப்படித்தான் நடக்கும் என்று எதிர்பார்த்தேன். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சுமந்தா பாக்சி குழு, ஸ்பிதியில் வேலி போட்டு 16 வருஷம் மண்ணை அளந்து 2022-ல் முடிவை வெளியிட்டது. மேய்ச்சல் நின்ற வேலிக்குள் மண்ணில் இருக்கும் கரிமத்தின் அளவு வருஷத்துக்கு வருஷம் அதிகமாக ஏறி இறங்கியது. விலங்குகள் மேய்ந்த இடத்தில் அது நிலையாக இருந்தது. அதாவது, இந்த மண்ணுக்கு ஆடு கூடினாலும் சிக்கல், வாயே இல்லாமல் போனாலும் சிக்கல். கரிமம் எதற்கு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு: இத்தனை மெல்லிய மண்ணில் ஈரத்தைப் பிடித்துவைப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

ஆண்ட்டிக்கு இந்த ஆராய்ச்சி எல்லாம் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அவருக்கு வேறு தலைவலி. மகன் ஆடுகளை விற்றுவிடலாம் என்கிறான். டூரிஸ்ட் சீசனில் ஹோம்ஸ்டே வருமானமே போதும், குளிர்காலம் முழுக்க மைனஸ் டிகிரியில் தீவனம் போட்டு யார் கட்டி மேய்ப்பது என்பது அவன் கட்சி. எருவுக்குப் பதிலாக லாரியில் மூட்டை உரம் வரவழைக்கலாமாம்.

"ஆடு போயிட்டா, மேலேர்ந்து வயலுக்கு யார் எரு கொண்டுவருவா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

செப்டம்பருக்குள் புல் அறுத்து மாடியில் அடுக்கியாக வேண்டும். எத்தனை ஆட்டுக்கு என்பதை அதற்குள் முடிவு செய்ய வேண்டும். நாங்கள் கிளம்பிய காலையில் அம்மாவும் மகனும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், கொஞ்சம் சத்தமாகவே.