சாரல் பிந்திய ஆனியில்

சாரல் பிந்திய ஓர் ஆனி மாதம். குற்றாலம் ஐந்தருவிச் சாலையில் துண்டும் எண்ணெயும் விற்கும் எங்கள் கடையில் போணியே இல்லை. கல்லூரி நூலகத்தில் எடுத்த ‘புத்தம் வீடு’ நாவலை, துண்டு மடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு உரக்க வாசிக்கத் தொடங்கினேன். திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்த ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதி 1964இல் வெளிவந்தது. குமரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தின் கதை. நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆயினும் பனையும் பதநீரும் எங்களுக்கு அந்நியமா?

நொடித்துப்போன பெரிய வீட்டுப் பெண் லிஸி. பனையேறி மகன் தங்கராஜ். இருவர் காதலுக்கும் இடையில் ஒரு கொலை. பழி தங்கராஜ் மேல் விழுகிறது. கொன்றது யார் என்று இங்கே சொல்லமாட்டேன். நூலகத்தில் ஒரே பிரதிதான், முந்துகிறவர்களுக்கே அது!

அம்மாவை நிறுத்தியது கொலையல்ல. பெரியவளானதும் லிஸியின் பள்ளிப் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள்.

“அத இன்னொருக்கா வாசிட்டி” என்றாள். வாசித்தேன்.

“எனக்கு ஏழாங்கிளாசுல” என்றாள். படிப்பு ஏறவில்லை, அதனால் நின்றுவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் சொல்லி வந்தாள்.

அன்று மாலை மாமா ஒரு வரனோடு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் கல்லூரியை நிறுத்தச் சொல்கிறார்களாம். அம்மா நிமிரவில்லை.

“அவ மூணு வருசமும் முடிக்கட்டும்ண்ணே” என்றாள்.

மாமா காப்பியைத் தொடாமல் போனார். அம்மா விளக்கைப் போட்டாள், மீதியை வாசித்தேன். கொன்றவர் யாரென்று அவள் எனக்கு முன்பே கண்டுபிடித்திருந்தாள்.