அடுப்புல என்ன?

பானை பொங்கிய நேரம் பார்த்து அம்மா வீடியோ அழைப்பில் வந்தாள். "அடுப்புல என்னடி?" தங்கை என்னைப் பார்த்தாள். "கஷாயம்மா" என்றேன். முனைவர் பட்டம் வாங்கி, கல்லூரியில் தமிழ் நடத்தும் 46 வயதுப் பெண் சொன்ன பொய் அது.

கோடை விடுமுறையில் ஆறு வாரம் தங்கையோடு அமெரிக்காவின் போர்ட்லாண்டில் இருந்தேன். அங்கே வீட்டில் பீர் காய்ச்சத் தடையில்லை. 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை காய்ச்சலாம், விற்கக் கூடாது. நம் ஊரில் வீட்டில் காய்ச்சினால் குற்றம். கடை வைத்து விற்பது அரசு.

நாங்கள் காய்ச்சியது பேல் ஏல். பார்லியை முளைகட்டி, சாறெடுத்து, கெட்டியாக்கும் வேலையெல்லாம் முடிந்து மால்ட் எக்ஸ்ட்ராக்ட் டப்பாவில் வருகிறது. ஒன்றரைக் கிலோ டப்பா இரண்டு. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் அதை வெந்நீரில் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் அடிப்பிடிக்கும். பாகு காய்ச்சிய கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுபடி கொதி வந்தபோதுதான் நுரை ஏறியது, அம்மாவும் வந்தாள்.

நுரை அடங்கியதும் ஹாப்ஸ் போட்டோம். காஸ்கேட் என்ற வகை. அதே ஓரிகன் மாநிலத்தில் உருவாக்கி 1972இல் வெளியிட்டது. பம்பளிமாஸ் தோலைக் கிள்ளிய மாதிரி வாசம். முதலில் கொஞ்சம் போட்டு ஒரு மணி நேரம் கொதித்தால் கசப்பு இறங்கும், ஆனால் மணம் போய்விடும். அதனால் மணத்துக்கானதைத் தாளிப்பு போலக் கடைசியில் கொட்டுகிறார்கள்.

"அக்கா, இது எல்லாமே பெண் பூ. ஆண் கொடியைத் தோட்டத்துல விடமாட்டாங்க, விதை பிடிச்சிடும்னு" என்றாள் தங்கை. சிரித்தோம். எனக்கு ஜூடித் பென்னட் 1996இல் வெளியிட்ட நூல் நினைவுக்கு வந்தது. இடைக்கால இங்கிலாந்துக் கிராமங்களில் ஏல் காய்ச்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள். காய்ச்சும் பெண்ணுக்கு ப்ரூஸ்டர் என்று தனிச்சொல்லே இருந்தது. ஹாப்ஸ் போடாத ஏல் சில நாளில் கெட்டுவிடும், ஆகவே அடுப்படியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சி அக்கம்பக்கத்தில் விற்றார்கள். ஹாப்ஸ் வந்தபின் பீர் பல நாள் தாங்கியது, தொலைதூரம் போனது. பெரிய கொப்பரை வேண்டும், முதல் வேண்டும். முதலும் கடனும் தொழிற்சங்கமும் யார் கையில் இருந்தன? 1600க்குள் அந்தப் பெண்களில் பெரும்பாலோர் தொழிலைவிட்டு ஒதுக்கப்பட்டிருந்தார்கள். பூவின்மேல் குற்றமில்லை.

பானையைப் பனிக்கட்டித் தண்ணீரில் இறக்கி ஆறவைத்தோம். பிறகு வாளியில் ஊற்றி, 19 லிட்டருக்குத் தண்ணீர் சேர்த்து, 11 கிராம் ஈஸ்ட் தூவினோம். மறுநாள் இரவு மூடியிலிருந்த குழாய் குமிழிவிடத் தொடங்கியது. தங்கை கைதட்டினாள். எனக்கு அந்த வாடை ஆகவில்லை. வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்பா குடித்தார். தரையைத் துடைத்தது அம்மா, வாளியில் தண்ணீர் கொண்டுவந்தது நான். புறநானூற்று 235ஆம் பாடலை ஆண்டுதோறும் நடத்துகிறேன். இறந்துபோன அதியமானையும் அவன் தன்னோடு பகிர்ந்த கள்ளையும் நினைத்து ஔவை அழும் பாட்டு. கள் வரும் இடத்தில் மட்டும் வேகமெடுப்பேன். "ஔவையார் குடிச்சாங்களா மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டபோது, "அந்தக் காலத்து வழக்கம்மா" என்று அடுத்த பாட்டுக்குத் தாவினேன். ஒரு பெண் நண்பனோடு உட்கார்ந்து குடித்தாள் என்பதை என் வாய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் குடி ஆணுடையது, துடைப்பதுதான் எங்களுடையது.

இரண்டு வாரத்தில் குமிழி நின்றது. 1.048 இருந்த அடர்த்தி 1.011க்கு இறங்கியிருந்தது, ஏறக்குறைய ஐந்து சதவீதம். சர்க்கரை கரைத்துச் சேர்த்து பாட்டிலில் அடைத்தோம். மேலும் இரண்டு வாரம் காத்திருந்தோம்.

ஊர் திரும்புவதற்கு முன்தினம் முதல் பாட்டிலைத் திறக்குமுன் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அன்னிக்கு அடுப்புல இருந்தது கஷாயம் இல்லம்மா."

"தெரியும். கஷாயத்துக்கு அவ்ளோ பெரிய பானையா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு மாசமா வெச்சிருக்கீங்களே, புளிச்சுப் போகலையா?"

"கசப்புப் பூ போட்டிருக்கும்மா."

"வேப்பம்பூ மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

மறுபடி மௌனம். "ஹால்ல அப்பா படம் இருக்கு. சமையக்கட்டுலயே குடிங்க" என்று வைத்துவிட்டாள்.

நின்றுகொண்டே குடித்தோம். தங்கைக்குக் கசப்பு போதவில்லையாம்.