தொலைக்காட்சியும் இல்லக் கணக்கும்

செலவுகள் இரு வகைப்படும். கையால் எண்ணிக் கொடுக்கும் செலவு ஒன்று. மாதந்தோறும் தானாகவே கழிந்து போகும் செலவு மற்றொன்று. கத்தரிக்காய் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறிவிட்டால் வீட்டில் அன்று முழுவதும் அதுவே பேச்சு. ஆனால் மாதம் பிறந்தவுடன் நானூறு ரூபாய் எவ்வித ஓசையுமின்றி வெளியே செல்வதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. பழகிவிட்ட செலவு, வீட்டுச் சுவரைப் போலக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

சென்ற ஆண்டு பள்ளி திறந்தபொழுது எங்கள் மகளின் வேன் கட்டணம் மாதத்திற்கு நானூறு ரூபாய் உயர்ந்தது. ரயில்வே எழுத்தர் குடும்பத்தில் நானூறு ரூபாய் பெரிய தொகையன்று. அற்பத் தொகையும் அன்று. என் துணைவி கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு அமர்ந்தாள். பால், எரிவாயு, மின்சாரம், சீட்டுப் பணம், ஊரில் செலுத்த வேண்டிய தவணை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எதிலும் கை வைக்க இடமில்லை. இறுதியில் கேபிள் தொலைக்காட்சி என்ற வரியில் அவள் விரல் நின்றது. மாதம் 412 ரூபாய். ஆண்டுக்கு 4,944 ரூபாய்.

அந்த 412 ரூபாய் எவ்வாறு வந்தது என்று ரசீதைப் பிரித்துப் பார்த்தேன். இதனைப் பிரித்துப் பார்க்கும் வசதி நமக்கு 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் கிடைத்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017-இல் வகுத்த விதிகள் அப்பொழுதுதான் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் கேபிள்காரர் கொடுத்ததைப் பார்த்து, கேட்டதைக் கொடுத்தோம். அதன் பிறகு, இணைப்புக்கு ஒரு கட்டணம், விரும்பிய அலைவரிசைகளுக்குத் தனிக் கட்டணம் என்று ஆயிற்று. இணைப்புக் கட்டணத்தின் உச்சவரம்பு 100 அலைவரிசைகளுக்கு 130 ரூபாய். 18 விழுக்காடு வரியும் சேர 153 ரூபாய் 40 காசு. 2020-இல் அதே தொகைக்கு 200 அலைவரிசைகள் என்றாக்கினார்கள். 2024-ஆம் ஆண்டு ஜூலையில் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். ஆகவே இன்று ஊருக்கு ஊர், நிறுவனத்திற்கு நிறுவனம் கட்டணம் வேறுபடலாம். நேயர்கள் தத்தம் ரசீதைத் தாமே பார்த்துக்கொள்வது நலம்.

எங்கள் ரசீதில் இணைப்புக்கு 153, தமிழ்த் தொகுப்புக்கு 96, இந்தி மராத்தித் தொகுப்புகளுக்கு 71, குழந்தைகள் அலைவரிசைகளுக்கு 30, விளையாட்டுக்கு 62 ரூபாய். விளையாட்டைக் கிரிக்கெட் நடக்கும் நாட்களில் மட்டும் நான் பார்ப்பேன். இந்தித் தொகுப்பை ஒருவரும் பார்ப்பதில்லை. குழந்தை நாளொன்றுக்கு அரைமணி நேரம் பார்ப்பாள். தமிழ்த் தொகுப்பு முழுவதும் ஒரே ஒருவருக்காக வந்துகொண்டிருந்தது. அவர் என் தாயார்.

இங்கேதான் கணக்கு கணக்காக இல்லாமல் வேறொன்றாக மாறிற்று.

நாங்கள் இருப்பது நாக்பூரில். மத்திய ரயில்வே, தென்கிழக்கு மத்திய ரயில்வே என்னும் இரண்டிற்கும் இவ்வூரில் கோட்டத் தலைமையகங்கள் இருப்பதால் தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் கதவைத் திறந்தால் வெளியே மராத்தியும் இந்தியுமே ஒலிக்கும். மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, தந்தையார் காலமான பின் இங்கு வந்து சேர்ந்த என் தாயாருக்கு அவ்விரண்டும் வாரா. காய்கறிக்காரரிடம் விரலைக் காட்டியே பேரம் பேசுவார். நான் அலுவலகத்திற்கும், துணைவி தையற் கூடத்திற்கும், குழந்தை பள்ளிக்கும் சென்றுவிட்டால், நாள் முழுவதும் அவருடன் தமிழில் பேசிய ஒரே பொருள் அந்தப் பெட்டிதான்.

சம்பாதிக்கும் நான் ஒன்றையும் இழக்கப் போவதில்லை. கிரிக்கெட் எண்ணிக்கையைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்வேன். இந்தச் சிக்கனத்தின் முழுப் பாரமும், வருமானம் இல்லாதவரும் வாய் திறந்து எதையும் கேட்காதவருமான ஒருவரின் தலையில் இறங்கப் போகிறது. குடும்பச் செலவைக் குறைக்கும்போது பெரும்பாலும் நடப்பது இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. உரத்துப் பேசுபவரின் செலவு தப்பிவிடும். மெல்லப் பேசுபவரின் செலவு வெட்டப்படும். ஆகவே அவரைக் கேளாமல் ஒன்றும் செய்வதில்லை என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம்.

இரவு உணவுக்குப் பின் நோட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். தாயார் சற்று நேரம் பேசவில்லை.

“நிறுத்துவதென்றால் நிறுத்து தம்பி. அந்த ஒரு தொடர் மட்டும் முடிந்துவிடட்டும்” என்றார்.

“அம்மா, அது முடிவதற்குள் எனக்குப் பணி ஓய்வு வந்துவிடும்” என்றேன்.

அவரும் சிரித்துவிட்டார். பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. “அந்தப் பெட்டி பேசும், நான் கேட்பேன். நான் பேசினால் அது கேட்காது. அது போனால் போகட்டும். ஆனால் நீங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு கைப்பேசியை எடுத்துக்கொண்டு உட்காருகிறீர்களே, அதற்கு என்ன சொல்கிறாய்?”

அதற்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை.

கேபிளைப் பகை என்று நான் எண்ணவில்லை. வெளி மாநிலத்தில் வாழும் தமிழர் அதற்கு நன்றி கூறவே வேண்டும். தில்லியில் தூர்தர்ஷன் 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கியது; சென்னை நிலையம் 1975-இல் வந்தது. ஆனால் சென்னை நிலையத்தின் நிகழ்ச்சிகள் இத்தனை தூரம் எட்டுமா? ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மாநில மொழித் திரைப்படம் ஒன்று நாடெங்கும் ஒளிபரப்பாகும். அதில் தமிழின் முறை எப்பொழுது வரும் என்று காத்திருந்து, வந்த அன்று நாலைந்து குடும்பங்கள் ஒரே அறையில் கூடிப் பார்த்ததைப் பழைய தலைமுறையினர் இன்றும் கூறுவர். 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின்னர், கேபிள் வழியாகத் தமிழ் நாள்தோறும் வீட்டிற்குள் வந்தது. வடக்கே தனித்துக் கிடந்த எத்தனையோ முதியவர்களுக்கு அது ஊரையே கொண்டுவந்து கொடுத்தது. அந்த நன்மையை மறந்துவிட்டுச் சிக்கனம் பேசுவது நேர்மையாகாது.

ஆகவே நிறுத்துவதற்கு முன்பே மாற்று ஏற்பாடுகளைச் செய்தோம். பிரசார் பாரதியின் டி.டி. ஃப்ரீ டிஷ் என்னும் சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது. 2004-ஆம் ஆண்டு வேறு பெயரில் தொடங்கப்பட்டது. கிண்ணமும் பெட்டியும் வாங்கிப் பொருத்த ஒருமுறை செலவு உண்டு. எங்களுக்கு 1,700 ரூபாய் ஆயிற்று. முதலாண்டில் அதனைக் கழித்தால் மிச்சம் 3,244 ரூபாய்; அடுத்த ஆண்டு முதல் முழுத்தொகையும் மிச்சம். கட்டண அலைவரிசைகள் இதில் வாரா. ஆகவே தாயாரின் தொடரும் வாராது. ஆயினும் 2024 ஜனவரி வரை பொதிகை என்று வழங்கப்பட்ட டி.டி. தமிழ் இதில் வருகிறது. செய்தியும் பாட்டும் பழைய நிகழ்ச்சிகளும் கிடைக்கின்றன. கிண்ணத்தைக் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளை நோக்கித் திருப்ப வேண்டும். நாக்பூரிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கு. “ஏறக்குறைய நம் ஊர்ப் பக்கந்தான் பார்க்கிறது” என்று தாயார் திருப்தியடைந்தார்.

இரண்டாவது ஏற்பாடு வானொலி. வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் ஆண்டு உரிமம் எடுத்த காலம் போயிற்று. இன்றோ ஆகாசவாணியின் செயலி கைப்பேசியில் இருந்தால், 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையத்தை நாக்பூரில் அமர்ந்துகொண்டே கேட்கலாம். பழைய கைப்பேசி ஒன்றில் அதனை ஏற்றிச் சமையலறை அலமாரியில் வைத்தோம். காவிரிப் பாசன வயல்களுக்கு என்ன உரம் இடவேண்டும் என்பதை, ஒரு குழி நிலமும் இல்லாத எங்கள் குடியிருப்பில் தாயார் தினமும் கவனமாகக் கேட்டு வருகிறார்.

மூன்றாவது, ஒரு தடை. கேபிளை நிறுத்திய கையோடு இரண்டு மூன்று இணையப் படச் சேவைகளுக்குச் சந்தா கட்டினால், பணம் ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்குப் போகுமேயன்றி வீட்டில் தங்காது. கைப்பேசிக் கட்டணத்திலும் ஒரு நுட்பம் உண்டு. 28 நாள் திட்டத்தை மாதக் கட்டணம் என்று நாம் எண்ணுகிறோம்; ஆண்டுக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை செலுத்துகிறோம். எனவே புதிய சந்தா எதுவும் இல்லை என்று நோட்டின் முதற் பக்கத்திலேயே என் துணைவி எழுதி வைத்தாள். மின்சாரக் கட்டணம் குறையும் என்று நம்புவோருக்கும் ஒரு சொல்: ஐம்பது வாட் தொலைக்காட்சி நாள்தோறும் ஐந்து மணி நேரம் ஓடினாலும் மாதத்திற்கு ஏழரை யூனிட்தான் ஆகும். அதில் பெரிய மிச்சத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் வாரம் வீடு ஏதோ துக்கம் நிகழ்ந்த வீட்டைப் போல் இருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் தாயாருக்குப் பொழுது போகவில்லை. வானொலியையும் எத்தனை நேரந்தான் கேட்பது? இரண்டாவது வாரத்தில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அடுத்த வரிசைக் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம் உண்டு. அங்கும் ஒரு பாட்டியம்மாள் பகலெல்லாம் தனியே இருப்பார். இரண்டு வருஷமாக எதிரும் புதிருமாக இருந்தும், இருவரும் வாசலில் நின்று நலம் விசாரித்ததற்கு மேல் பழக்கமில்லை. இருவருக்கும் வீட்டுக்குள் ஒரு பெட்டி பேசிக்கொண்டிருந்ததே காரணம். இப்பொழுது என் தாயார் நாள்தோறும் ஒரு சிறு பாத்திரத்தில் டிகாக்ஷனை எடுத்துக்கொண்டு அங்கே போகிறார். அவர்கள் வீட்டுப் பால், எங்கள் வீட்டு டிகாக்ஷன், அவர்கள் வீட்டுத் தொடர். கேபிள் செலவில் பங்கு தருகிறோம் என்று நாங்கள் சொன்னதற்கு, “எங்கள் அம்மாவுக்குப் பேச்சுத்துணை கிடைத்திருக்கிறது. பணம் தருவதாயிருந்தால் நாங்கள்தான் தரவேண்டும்” என்று அவ்வீட்டு மருமகள் மறுத்துவிட்டார்.

இதனினும் சிறந்ததொரு பயன் எங்கள் வீட்டிலேயே விளைந்தது. எங்கள் மகள் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். மராட்டிய மாநிலத்தில் 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் மராத்தி கட்டாயப் பாடம். இந்தியும் ஆங்கிலமும் உடன் உண்டு. இவற்றை அவள் நன்றாகக் கற்க வேண்டியதுதான். வாழும் ஊரின் மொழியை மதியாமல் வாழ்வது அழகன்று. ஆனால் தமிழுக்குப் பள்ளியில் இடமில்லை. அதற்கு இடம் வீடு ஒன்றுதான். அவள் தமிழைப் புரிந்துகொள்வாள். பதிலை இந்தியில் சொல்வாள். தொடர் ஓடிய நாட்களில் பாட்டியும் பேத்தியும் ஒரே அறையில் அமர்ந்திருந்தும் ஒரு சொல்லும் பேசாமல் மாலை கழியும்.

இப்பொழுது வேறு விதம். பள்ளியிலிருந்து வந்ததும், “அப்பாயி, இன்றைக்கு என்ன நடந்தது?” என்று கேட்கிறாள். பெட்டியில் அரைமணி நேரம் ஓடிய கதை, அப்பாயியின் வாயில் முக்கால் மணி நேரம் ஓடுகிறது. மாமியாரின் குரலில் ஒரு தமிழ், மருமகளின் குரலில் ஒரு தமிழ், இடையிடையே மன்னார்குடியில் நடந்த உண்மைக் கதை ஒன்று. குழந்தை குறுக்கே கேள்வி கேட்கிறாள். இந்தியில் கேட்டால் அப்பாயிக்குப் புரியாது. ஆகவே தமிழில் கேட்டே தீரவேண்டும். அவ்வாறு கேட்டுக் கேட்டு அவள் நாவில் தமிழ் ஓடத் தொடங்கியது. பிறகு எழுத்தும் வந்தது. தமிழ்நாட்டு அரசின் பாடநூல்கள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. 2001-இல் தொடங்கப்பட்டு இன்று தமிழ் இணையக் கல்விக் கழகம் என்ற பெயரில் நடைபெறும் நிறுவனமும், வெளியூர்க் குழந்தைகள் தமிழ் கற்பதற்கென்றே பாடங்கள் தருகிறது. முதல் வகுப்புப் புத்தகத்தை அச்செடுத்துத் தைத்துக் கொடுத்தேன். கற்பிப்பவர் என் தாயார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். இன்று எங்கள் வீட்டில் ஆசிரியை.

எல்லா வீட்டிற்கும் இதுவே பொருந்தும் என்று நான் கூறவில்லை. படுக்கையில் கிடக்கும் முதியவர் உள்ள வீட்டில், அண்டையில் தமிழர் ஒருவரும் இல்லாத ஊரில், கேபிள் ஒரு மருந்து, அதை நிறுத்தலாகாது. அத்தகைய வீடுகளில் இணைப்பையும் தமிழ்த் தொகுப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கலாம். எங்கள் கணக்கின்படி அவ்வாறு செய்திருந்தாலும் மாதம் 163, ஆண்டுக்கு 1,956 ரூபாய் மிஞ்சியிருக்கும். முற்றிலும் நிறுத்துவோர், பெட்டி வாடகைக்கு வந்ததா விலைக்கு வாங்கியதா என்று பழைய ரசீதைப் பார்த்து, முன்பணம் இருந்தால் கேட்டுப் பெற்று, நிறுத்தியதற்கு எழுத்தில் அத்தாட்சியும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மிச்சம் பிடித்த பணம் எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. வேன் கட்டணம் அதை முழுவதும் விழுங்கிவிட்டது. சிக்கனத்தின் இயல்பே அதுதான். கடன் வராமல் காத்தது என்பதைத் தவிர அதற்கு வேறு சாட்சி இல்லை. ஆனால் சென்ற பொங்கலுக்கு ஊரிலுள்ள தன் அத்தைக்கு எங்கள் மகள் ஓர் அஞ்சலட்டை எழுதினாள். ஐந்து வரி, அவற்றில் நான்கு பிழைகள். றகர ரகரம் இன்னும் அவளுக்கு வசப்படவில்லை. பிழைகளைத் திருத்த நான் பேனாவை எடுத்தபோது, தாயார் என் கையைப் பிடித்துத் தடுத்தார். “இருக்கட்டும் தம்பி; அவள் எழுதினது அப்படியே போகட்டும்” என்றார். அஞ்சலட்டை அப்படியே போயிற்று.