நான்காம் பத்தி

"மேலே கண்ட சங்கதிகள் யாவும் எங்கள் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மையானவை." நீதிமன்றத் தாள்களின் கடைசியில் வழக்கமாக வரும் இவ்வரிக்குக் கீழே, உடன்பிறந்தோர் நாங்கள் மூவரும் கையொப்பமிட்டோம். குமாஸ்தா பென்சிலால் குறியிட்ட இடமெல்லாம் பேனா ஓடியது. படித்துப் பார்க்கவில்லை.

வழக்கு சிறியது. எங்கள் தென்னந்தோப்பின் ஓரமாகச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் தமக்கும் உரிமை உண்டென்று பக்கத்து நிலத்தார் பிராது கொடுத்திருந்தார். எங்கள் எதிர்வழக்குரையின் நான்காம் பத்தி, "அப்படியொரு பாதை என்றுமே இருந்ததில்லை, வாதியின் குடும்பத்தார் எவரும் அதில் நடந்ததுமில்லை" என்றது.

அன்றிரவு நகலைப் படித்த அக்காள், "பெரியம்மா தண்ணீர்க் குடத்தோடு எந்த வழியாக வந்தார்கள்?" என்று கேட்டார். எவரும் வாய் திறக்கவில்லை. பக்கத்து நிலத்தாரின் தாயார் அந்தப் பாதையில்தான் நாள்தோறும் எங்கள் கிணற்றுக்கு வருவார். வந்துபோக இசைவு தந்தவர் எங்கள் தந்தையார். முள்வேலியில் ஓர் ஆள் நுழைய இடைவெளி விட்டவரும் அவரே. மறைந்துபோன அவ்விருவரையும் ஒரே பத்தியில் இல்லாதவர்களாக்கி விட்டோம்.

மறுநாள் வக்கீலிடம் சென்றோம். "எதிராளி கையில் நாமே கத்தியைக் கொடுப்பதா?" என்று முதலில் தயங்கினார். பிறகு விளக்கினார். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 6, விதி 17, வழக்குரையைத் திருத்த இடமளிக்கிறது. ஆனால் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின், சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால், உரிய கவனத்தோடு முயன்றும் முன்னரே சொல்ல இயலவில்லை என்று காட்டினாலன்றி அனுமதி கிடைக்காது. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் வழக்குரையோடு பிரமாணப் பத்திரத்தையும் கட்டாயமாக்கியது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அப்பத்திரம் சான்றாகாது என்றாலும், சொல்லப்பட்டவற்றின் உண்மைக்குக் கையொப்பமிட்டவரைக் கூடுதலாகப் பொறுப்பாக்குகிறது என்றது. தாமே அறிந்தது எது, பிறர் சொல்ல நம்பியது எது என்று பிரித்துக் காட்டுவதும் விதி. பாதையை நாங்கள் கண்ணாரக் கண்டிருந்தோம். 'நம்பிக்கை' என்ற சொல்லுக்குப் பின்னே ஒளிய எங்களுக்கு இடமில்லை.

விசாரணை தொடங்கியிருக்கவில்லை, மனுப் போட வழி இருந்தது. ஆனால் அம்மனுவுக்கும் ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டுமே! "தட்டச்சுப் பிழை என்று எழுதிவிடலாம், எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள்" என்றார் குமாஸ்தா. ஒரு பொய்யைத் திருத்த இன்னொரு பொய்! தம்பி ஒரு கணம் இசைந்தான். உண்மையைச் சொன்னால், நாங்களும் இசையத்தான் இருந்தோம். "தட்டச்சு செய்த அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?" என்று அக்காள் கேட்டபிறகே எங்களுக்கு வெட்கம் வந்தது. "படிக்காமல் கையொப்பமிட்டோம், நான்காம் பத்தி தவறு, எங்கள் தந்தையின் இசைவோடு அவர்கள் நடந்தார்கள்" என்று எழுதச் சொன்னோம்.

செலவுத்தொகை கட்டும்படி சொல்லி நீதிபதி மனுவை ஏற்றார். அப்போதுதான் வக்கீல் வேறொன்றையும் சொன்னார். இசைவு பெற்று நடப்பது வேறு. இருபது ஆண்டுகள் தடையின்றி உரிமையாகவே நடப்பது வேறு. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இவற்றைப் பிரித்தே பார்க்கிறது. எங்கள் பக்கம் இருந்த உண்மையான நியாயத்தையும் அந்தப் பொய்தான் மறைத்திருந்தது.

ஆயினும் வழக்கைத் தீர்ப்புவரை இழுக்கவில்லை. தம் தாயாரின் குடத்தை நாங்கள் மறுக்கவில்லை என்றறிந்த பக்கத்து நிலத்தார், அடுத்த வாய்தாவில் எங்களோடு பேசினார். நான்கடிப் பாதை விட்டு, மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் எழுதினோம். இரண்டு தென்னைகள் போயின. தம்பிக்கு இன்றும் அதில் வருத்தம்தான்.

பொய்ச்சான்று கூறாதே என்னும் எட்டாம் கட்டளையைச் சிறுவயது முதல் ஒப்புவித்து வந்தவர்கள் நாம். அதை மீறுவதற்கு வாயைத் திறக்கவும் வேண்டியதில்லை. படிக்காமல் போடும் ஒரு கையொப்பமே போதும். அடுத்த முறை நம்முன் ஒரு தாளை யாரேனும் நீட்டினால், பேனாவை எடுக்குமுன் நான்காம் பத்திவரையாவது படிப்போம்.