முனகலின் விலை

வயோதிபரின் முனகலுக்கு நமது சமுதாயத்தில் மதிப்புக் குறைவு. குழந்தை அழுதால் ஓடிச் செல்கிறோம். கிழவி முனகினாலோ, ‘வயது போனால் இப்படித்தான்’ என்று மனத்தைச் சமாதானம் செய்துகொள்கிறோம்.

கிணற்றடியில் வழுக்கி விழுந்த என் பெரியம்மாவுக்குத் துணையாக ஓர் ஆஸ்பத்திரியில் சில இரவுகளைக் கழித்தேன். தொடையெலும்பு இடுப்போடு பொருந்தும் கழுத்துப் பகுதியில் முறிவு. சத்திரசிகிச்சைக்கு முறை வர ஐந்து நாட்களாயின. அசையாமற் கிடந்தால் வலியைப் பொறுத்துக்கொள்வார். மலசலச் சட்டி வைக்கப் புரட்டும்போதுதான் உயிர் போய் வரும். அதற்கு அஞ்சியே அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். மூன்றாம் இரவு, என்றோ இறந்துபோன தமையனை அழைத்துப் பேசத் தொடங்கினார். ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்றனர் அருகிலிருந்தோர்.

அது அறளையன்று. வலியும் உறக்கமின்மையும் நீர்க்குறைவும் கூடி முதியோரின் சித்தத்தைக் கலக்கும். வலிக்குக் கொடுக்கும் மோர்பீன் மிஞ்சினாலும் அதே கலக்கம் நேரும்.

இந்த இக்கட்டுக்கு ஒரு மாற்று உண்டு. இடுப்பு மூட்டின் வலியைச் சுமந்து செல்லும் நரம்புகளுள் முக்கியமானது கவட்டின் முன்புறத்தில், தசையைப் போர்த்த உறையின் அடியில் ஓடுகிறது. அவ்வுறையின் கீழ் 30, 40 மில்லிலீற்றர் மரப்பு மருந்தைச் செலுத்தினால் அது பரவி நரம்பை மரக்கச் செய்யும். நோயாளி விழித்தே இருப்பார். வலி மட்டும் அரைமணி நேரத்தில் தணிந்து, பல மணி நேரம் அடங்கியிருக்கும். 1989இல் பிரான்சிய வைத்தியர் டாலென்சும் அவர்தம் குழுவினரும் குழந்தைகளுக்கென விவரித்த முறை இது. குழந்தைக்குக் காட்டிய கருணை பின்னரே கிழவிக்கும் எட்டியது.

நான்காம் நாள் உணர்வழி வைத்தியர் ஒருவர் வந்து பத்து நிமிடத்தில் அந்த ஊசியைப் போட்டார். சிறிது நேரத்தில், ‘பிள்ளை, தண்ணி தா’ என்றார் பெரியம்மா. முதல் நாளிரவே செய்திருக்கக்கூடிய காரியம்!

49 பரிசோதனைகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வும் இதையே கூறுகிறது: நரம்பு மரப்பூசி அசையும்போது எழும் வலியைக் குறைக்கிறது, சித்தக் கலக்கத்தையும் குறைக்கிறது. மருந்து இரத்தக்குழாயினுட் புகுந்தால் இதயத்தைத் தாக்கும் என்பதும் உண்மையே. ஆகவே பயின்ற கையும் கண்காணிப்பும் அவசியம். ஆனால் மருந்து அரிய பொருளன்று. இவ்வகையைச் சேர்ந்த புபிவக்கேயின் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது.

அப்படியாயின் குறை எங்கே? நியூயோர்க்கில் நடத்தப்பட்டு 2000இல் வெளியான ஓர் ஆய்வு விடை தருகிறது. இடுப்பு முறிந்தவர்களுள், மறதிநோய் முற்றியோருக்குக் கிடைத்த மோர்பீன் வகை மருந்து, அறிவு தெளிந்தோருக்குக் கிடைத்ததில் மூன்றிலொரு பங்கே. முறிவு ஒன்றுதான், வலியை எடுத்துரைக்கும் நாவுதான் இல்லை.

இலவச வைத்தியம் நமது நாட்டின் பெருமை. அப்பெருமை முழுமையடைய வேண்டுமாயின், எக்ஸ்ரே முறிவைக் காட்டிய அன்றே, கேளாமலே, இந்த ஊசி கிடைக்க வேண்டும். கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைப்பது சலுகை. கேட்க இயலாதவருக்கும் கிடைப்பதே உரிமை.