படமும் பிணியும்

சென்ற ஆண்டு எம் இளைய மகனின் முழங்கால் மூட்டில் சீழ் பிடித்தது. பெங்களூரு மருத்துவர்கள் மூட்டைக் கழுவி, ஆறு வாரம் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அளித்தனர். காய்ச்சல் தணிந்தது, பையன் அல்சூர் ஏரிக்கரையில் நடக்கவும் தொடங்கினான். ஆயினும், மறுமுறை எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருப்பதாக அறிக்கை வந்தது. நாங்கள் கலங்கினோம், அவன் தாய் அன்றிரவு உண்ணவில்லை.

மருத்துவர் அறிக்கைக்கு முன் பையனின் காலையே பார்த்தார். வலியில்லை, வீக்கமில்லை, குருதியில் சி.ஆர்.பி. அளவும் இயல்புக்கு இறங்கியிருந்தது. கிருமி ஒழிந்த பின்னும் மஜ்ஜையின் மாற்றம் சில மாதங்கள் படத்தில் நிற்கக்கூடும் என விளக்கி, மருந்தை நிறுத்தினார். வண்டி கடந்த பின்னும் தண்டவாளம் சற்றே அதிர்வதை அறிந்த இரயில்வே எழுத்தராகிய எமக்கு அது விளங்கிற்று.

எக்ஸ்ரேயின் இயல்பும் அத்தகையதே. நோயின் முதல் பத்து நாட்களில் அது எலும்பின் கேட்டைக் காட்டாதிருக்கலாம். ஆனால் மூட்டின் இடைவெளி குறுகியதா, பிள்ளையின் எலும்பு செவ்வனே வளர்கிறதா என்பதைப் பின்னாளில் அது தெரிவிக்கும்.

அன்பர்களே, பழைய படங்களைப் பேணி, ஒவ்வொரு முறையும் உடன் கொண்டு செல்லுங்கள். ஒப்பிட்டால்தான் உண்மை புலப்படும். அறிக்கையைத் தாமே படித்து அஞ்ச வேண்டா. காய்ச்சலோ வலியோ மீண்டால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டா.